பெர்கினின் ஊதா: பட்டில் ஏறியதும் பருத்தியில் நிற்க மறுத்ததும்

மோவ் என்ற ஊதாச் சாயத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான் வருகிறது. 1856, லண்டன். வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் போனான். குடுவையில் கறுப்புச் சகதி வந்தது. அதை ஆல்கஹால் விட்டுக் கழுவினான், ஊதா நிறம் வந்தது. கதை முடிந்தது.

இந்தக் கதையில் துணியே வரவில்லை என்பது ரொம்ப நாளாக எனக்கு உறுத்தல். குடுவையில் கண்ணைப் பறிக்கும் எத்தனையோ நிறங்கள் வரும். துணியில் ஏறி, சோப்புக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்தால்தான் அது சாயம். அதனால் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மோவைச் செய்து, பட்டு, பருத்தி இரண்டிலும் ஏற்றிப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன். அதன் பதிவு இது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இது வீட்டுச் சமையலறையில் செய்கிற காரியம் இல்லை. இதற்கு மூலப்பொருளான அனிலின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் வேலையைக் கெடுத்து உதட்டை நீலமாக்கும். அதோடு சேர்க்கும் ஆர்த்தோ டொலுயிடின், டைகுரோமேட் உப்பில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் இரண்டுமே மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதியாகப் பட்டியலிடப்பட்டவை. 1895-லேயே லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், ஃபுக்ஸின் என்கிற மஜந்தா சாயம் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வருவதைச் சுட்டிக்காட்டிவிட்டார். ஃப்யூம் ஹூட் (நச்சுப்புகையை இழுத்து வெளியேற்றும் அடைப்பு), இரட்டை நைட்ரைல் கையுறை, கண்ணாடி, கழிவுக்குத் தனி கேன் எல்லாம் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

பொருள்கள் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று அலமாரியில் இருக்கும் சுத்தமான அனிலினை மட்டும் வைத்துக்கொண்டு பெர்கினின் மோவைச் செய்ய முடியாது. அவருக்குக் கிடைத்த அனிலினின் பூர்வீகம் நிலக்கரித் தார். தாரிலிருந்து வடித்த பென்சீனில் டொலுயீனும் கலந்தே வரும். அதை நைட்ரோ சேர்மமாக்கி, பிறகு இரும்புத் தூளும் அசிட்டிக் அமிலமும் கொண்டு ஒடுக்கினால் (பெஷாம் என்ற வேதியியலாளர் 1854-இல் தந்த முறை) அனிலினோடு டொலுயிடின்களும் சேர்ந்து வரும். அந்தக் கலப்படம்தான் மோவின் உயிர். மோவின் நிறம் மோவீன் என்ற மூலக்கூறுகளால் வருவது. அதில் மோவீன் ஏ மூலக்கூறைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு அனிலின், ஒரு ஆர்த்தோ டொலுயிடின், ஒரு பாரா டொலுயிடின். மோவீன் பி-யில் ஒரு அனிலின், இரண்டு ஆர்த்தோ, ஒரு பாரா. இந்த அமைப்பு சரியாகப் பிடிபட்டது 1994-இல்தான். விற்பனைக்கு வந்து ஏறக்குறைய 140 வருஷம் கழித்து! அதற்குப் பிறகு பழைய மாதிரிகளை அலசியவர்கள், இவற்றின் உறவுக்கார மூலக்கூறுகள் பத்துக்கும் மேல் அதில் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் கலப்படத்தை அளந்து செய்தேன். அனிலின் அரை மில்லி, ஆர்த்தோ டொலுயிடின் 1.2 மில்லி, பாரா டொலுயிடின் 1.2 கிராம். மூலக்கூறு எண்ணிக்கையில் சுமார் ஒன்றுக்கு இரண்டுக்கு இரண்டு. ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் இன்னொரு பீக்கரில் வெறும் அனிலின்.

பாரா டொலுயிடின் மெழுகுச் சீவல் மாதிரி இருக்கும் திடப்பொருள். நீர்த்த கந்தக அமிலம் சுமார் 30 மில்லியில் மூன்றையும் போட்டு, வெதுவெதுப்பாகச் சூடு காட்டிக் கலக்கினால் கரைந்து தெளிகிறது. ஆறியதும் பொட்டாசியம் டைகுரோமேட் 0.3 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டுகள் விழுந்த இடத்திலேயே கருநிறம் சுழன்று பரவியது. கொஞ்ச நேரத்தில் பீக்கருக்குப் பின்னால் வைத்த விளக்கு தெரியவில்லை. பெர்கின் இந்தக் கலவையைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவைத்தார். நானும் இரவு முழுக்க விட்டேன்.

மறுநாள் பீக்கரின் அடியில் இருந்தது புகைக்கரி போன்ற கறுப்பு வண்டல். ஊதா என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெர்கினுடைய கெட்டிக்காரத்தனம் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. கதை சொல்கிறவர்கள் விட்டுவிடும் ஒரு விவரம்: கொய்னாவுக்காக அவர் முதலில் எடுத்தது அல்லைல் டொலுயிடின். அதில் வந்தது செம்பழுப்புச் சேறு. அது ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க, இன்னும் எளிய பொருளான அனிலினை எடுத்து அதே வேலையை வேண்டுமென்றே திரும்பச் செய்தார். ஆக ஊதா வந்தது இரண்டாவது சோதனையில். அவருடைய பேராசிரியர் ஹாஃப்மனின் கூடத்தில் இப்படிக் கறுத்த சேறு வந்தால் கொட்டிவிடுவதுதான் வழக்கம், அவர்கள் தேடியது படிகங்களை. இவர் கொட்டவில்லை.

அந்த வண்டலில் சாயம் மிகக் கொஞ்சம். நூற்றுக்கு ஐந்து பங்கு கிடைத்தால் பெரிசு. மிச்சமெல்லாம் பிசின். பிரித்தெடுப்பதில்தான் என் நேரம் முழுக்கப் போனது. உறிஞ்சு புனலில் வடிகட்டி, முதலில் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கழுவிய நீர் நிறமற்று இறங்கும்வரை விடக் கூடாது. வினைபுரியாத அமீன் உப்புகளும் குரோமியமும் அதில்தான் போகின்றன. பிறகு ஓவனில் நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் அடுத்த படி நடக்காது. உலர்ந்த பொடியைப் பெட்ரோலியம் ஈதரில் கழுவினால் தேநீர்ப் பழுப்பில் ஒன்று இறங்குகிறது. பெர்கின் இதற்குத் தார் நாப்தாவைப் பயன்படுத்தினார். பழுப்பு நின்ற பிறகு, கால் பங்கு மெத்தனால் முக்கால் பங்கு தண்ணீர் கலந்த கரைசலை வெதுவெதுப்பாகப் புனலில் ஊற்றினேன்.

புனலின் காம்பில் இறங்கிய முதல் துளி ஊதா. நாவல் பழம் தின்ற நாக்கின் நிறம், அதில் கொஞ்சம் சிவப்புச் சாயல். குடுவையின் அடியில் ஒரு மெல்லிய படலம் சேர்ந்ததுமே வெள்ளைச் சுவரில் அதன் நிழல் ஊதாவாக விழுந்தது.

வெறும் அனிலின் பீக்கரையும் இதே பாடு படுத்தினேன். மங்கலான சாம்பல் ஊதாவில் ஏதோ கசிந்தது. பட்டு நூலில் தொட்டுப் பார்த்தால் அழுக்கு போல இருந்தது. அதை அத்தோடு விட்டேன்.

நல்ல கரைசலை வாட்டர் பாத்தில் வைத்து வற்றவிட்டால், பீங்கான் தட்டின் ஓரத்தில் படிந்த சாயம் ஊதாவாகத் தெரிவதில்லை. பொன்வண்டு இறக்கை மாதிரி பச்சையும் பித்தளையுமாக மின்னுகிறது. விரலால் தொட்டால், தொட்ட இடம் ஊதா. இது நிஜமாகவே மோவ்தானா என்று சந்தேகம் வந்தால் பெர்கின் எழுதிவைத்த ஒரு சோதனை இருக்கிறது. அடர் கந்தக அமிலம் ஒரு துளியில் ஒரு துணுக்கைப் போட்டால் அழுக்குப் பச்சை. இப்போது அமிலத்தைத் துளித்துளியாகத் தண்ணீரில் நீர்க்கச் செய்து கொண்டே போனால் தெளிந்த பச்சை, பிறகு நீலம், கடைசியில் பழைய ஊதா. ஒரு சோதனைக் குழாயில் இந்த வரிசை அப்படியே வந்தது. மாணவர்கள் கைபேசியில் படம் எடுக்கக் கூடிவிட்டார்கள்.

சரி, துணிக்கு வருவோம்.

காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் ஒருவரிடம் வாங்கிய பட்டு நூல் சிட்டம் ஒன்று இருந்தது. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்கிய நூல். சாயத்தைக் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்து, ஐம்பது அறுபது டிகிரி வெந்நீரில் விட்டு, சில சொட்டு அசிட்டிக் அமிலம் சேர்த்து நூலை நனைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தொட்டி வெளுத்துவிட்டது, சாயம் முழுக்க நூலில். ஆனால் நூல் முழுக்கச் சீராக இல்லை. முதலில் தண்ணீரைத் தொட்ட இழைகள் கருஊதா, சிட்டத்தின் உட்புறம் வெளிர் லவண்டர். திட்டுத் திட்டாக இருந்தது.

இதே தொல்லை பெர்கினுக்கும் வந்தது. பட்டு இந்தச் சாயத்தை அவ்வளவு ஆசையாக இழுத்துக்கொள்கிறது. கிழக்கு லண்டனில் பெத்னல் க்ரீனில் தாமஸ் கீத் என்ற பட்டுச் சாயக்காரர் இருந்தார். அவருடைய பட்டறையில் வைத்துப் பெர்கின் கண்டுபிடித்த வழி, சாயத் தொட்டியையே சோப்புத் தண்ணீராக்குவது. சோப்பு சாய மூலக்கூறுகளைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது, பட்டு நிதானமாக வாங்கிக்கொள்கிறது. எங்கள் போர்வெல் தண்ணீரில் சோப்பு திரிந்து தயிர் போல ஆகும் என்பதால் ஆர்.ஓ. தண்ணீரில் செய்தேன். அரை மணி நேரம் சிட்டத்தைத் திருப்பிக்கொண்டே இருந்ததில் உள்ளும் புறமும் ஒரே ஊதா. கடைசி அலசலில் துளி அசிட்டிக் அமிலம். நிறம் தெளிவதோடு பட்டுக்கு அந்தச் சரசரப்பும் திரும்பி வந்துவிடும்.

பட்டு இப்படி இழுப்பதற்குக் காரணம் எளிது. மோவீன் நேர் மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு. பட்டு புரதம், அதன் அமினோ அமிலச் சங்கிலியில் எதிர் மின்னூட்டம் கொண்ட கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பருத்தி செல்லுலோஸ். அதில் அப்படிப் பிடிக்க ஒன்றும் இல்லை.

காடாத் துணியை வெளுத்து அதே தொட்டியில் போட்டேன். எடுத்தபோது ஊதாவாகத்தான் இருந்தது. குழாயடியில் அலசினால் பாதி போனது; சோப்பு போட்டதும் மிச்சமும் போய், யாரோ மை கொட்டித் துடைத்த மாதிரி ஒரு கறை மட்டும். 1856 ஜூனில், ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் இருந்த புல்லர் சாயப்பட்டறைக்குப் பெர்கின் மாதிரி அனுப்பியபோது அவர்களிடமிருந்து வந்த பதிலின் சாரமும் இதை ஒட்டியதுதான். விலை கட்டுப்படியானால் இது நீண்ட காலத்தில் வந்த மிக மதிப்பான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று பாராட்டினார்கள். ஆனால் பருத்தி சோதனைகளில் சாயம் சரியாக நிற்கவில்லை. பிரிட்டன் அன்று மலைமலையாக நெய்துகொண்டிருந்தது பருத்தி. அதில் நிற்காத சாயத்தை நம்பி ஒரு ஆலை கட்டுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள். 1856 ஆகஸ்ட் 26-ஆம் தேதியிட்ட காப்புரிமை கையில் இருந்தது. அப்பாவின் பணத்தைப் போட்டு, அண்ணன் தாமஸையும் சேர்த்துக்கொண்டு, 1857-இல் கிரீன்ஃபோர்டில் ஆலையை எழுப்பினார்கள். வருஷக் கடைசிக்குள் கீத்தின் பட்டறைக்குச் சாயம் போய்விட்டது. அதற்குள் பருத்திக்கும் வழி கிடைத்திருந்தது. பெர்கினும் புல்லரும் தனித்தனியே வந்து சேர்ந்த வழி: துணியை முதலில் டானினில் ஊறவைத்து, பிறகு வெள்ளீய உப்பில் நனைப்பது.

அவர்களுக்கு டானின் சுமாக் இலையிலிருந்தும் மாசிக்காய் வகையிலிருந்தும் வந்தது. நமக்குக் கடுக்காய் இருக்க வேறு எதற்குப் போக வேண்டும்? கலம்காரித் துணிக்கு இன்றைக்கும் முதல் வேலை அதைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்தெடுப்பதுதான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, கொட்டையைத் தட்டி நீக்கிவிட்டு, தோலை இடித்து இரவு ஊறவைத்து, காலையில் காய்ச்சி வடித்தேன். இதற்கும் போர்வெல் தண்ணீர் ஆகாது. அதில் இருக்கும் இரும்பு பட்டதும் கடுக்காய் கறுத்துவிடும், பழைய எழுத்து மை அப்படிச் செய்ததுதான். சுத்த நீரில் வந்த கஷாயம் மங்கிய மஞ்சள். துணியை அதில் சில மணி நேரம் போட்டுப் பிழிந்து, துளி அமிலம் சேர்த்த ஸ்டானஸ் குளோரைடு கரைசலில் நனைத்து, அலசினேன். டானினும் வெள்ளீயமும் சேர்ந்து இழைக்குள்ளேயே கரையாத படிவாக உட்கார்ந்துவிடும். டானினில் அமிலத்தன்மையுள்ள கைகள் ஏராளம். பட்டு இயல்பிலேயே வைத்திருப்பதைப் பருத்திக்கு நாம் இப்படிக் கடன் கொடுக்கிறோம். பாடநூலில் நிறமூன்றி என்று ஒற்றைச் சொல்லில் படித்தது கையில் நடப்பதைப் பார்ப்பது தனி.

சாயத் தொட்டியில் போட்டதும் வித்தியாசம் தெரிந்தது. இந்தத் துணி பட்டைப் போலவே தொட்டியை வெளுக்கவைத்தது. சோப்பு போட்டுக் கசக்கினால் நுரை வெள்ளையாகவே இருந்தது. நிறம் மட்டும் பட்டில் வந்த பளபளப்பு இல்லை. கடுக்காய் மஞ்சள் அடியில் நிற்பதால் ஊதாவில் ஒரு மண்சாயல். கஷாயத்தைப் பாதி நீர்க்கச் செய்து பார்த்தேன், மண்சாயல் குறைந்தது, பிடிப்பும் சற்றுக் குறைந்தது. சட்டைத் துணிக்கு இது போதும் என்பேன்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு வேறு ஒன்று. கடையில் கிடைக்கும் சில்க் காட்டன் வெள்ளைத் துணி: பாவு பருத்தி, ஊடை பட்டு. கடுக்காய் காட்டாமல் அப்படியே தொட்டியில் போட்டு நன்றாக அலசியதும் ஊடை ஊதா, பாவு வெள்ளை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியிலும் வெள்ளை இழை மேலும் கீழுமாக ஊதா இழையைக் கடந்து போவது அவ்வளவு துல்லியம். துணியைச் சாய்த்தால் நிறம் அடர்ந்து, திருப்பினால் வெளிறுகிறது. ஒரே தொட்டியில் இரட்டை நிறம். வகுப்பில் மின்னூட்டம் பற்றிக் கரும்பலகையில் படம் போடுவதை நிறுத்திவிட்டு இந்தத் துண்டையே சுற்றுக்கு விடுகிறேன்.

வெயில் சோதனைக்கு எல்லா மாதிரிகளையும் அட்டையில் ஒட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி மொட்டை மாடியில் கட்டிவைத்தேன். பட்டு மெதுவாக வெளிறியது. கடுக்காய்ப் பருத்தி அதைவிட வேகம்; சித்திரை வெயிலுக்கு அது ஈடு கொடுக்கவில்லை. விக்டோரியா மகாராணி 1858 ஜனவரியில் மகள் கல்யாணத்துக்கு மோவ் கவுனில் வந்தார் என்றால், லண்டனின் ஜனவரி வெயிலில் அது பத்திரமாகவே இருந்திருக்கும். மோவ் சீக்கிரம் ஓய்ந்ததற்கு வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கல்யாணம் முடிந்த மறு வருஷமே பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து வெர்கென் என்ற வேதியியலாளரின் மஜந்தா சாயம் வந்துவிட்டது. அதற்கும் டொலுயிடின் கலந்த அனிலின்தான் வேண்டும். ஆனால் சாயம் கூடுதலாகக் கிடைத்தது, செலவும் குறைவு.

மோவும் மஜந்தாவும், நேர் மின்னூட்டம் கொண்ட பேசிக் சாயங்கள் என்ற குடும்பம். அம்மை வார்ப்போ வாய்ப்புண்ணோ என்றால் ஆஸ்பத்திரியில் தடவிவிடும் ஜென்ஷியன் வயலட் இந்த வகை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வரக் காரணமான ரோடமின் பி-யும் அதேதான். கண்ணைப் பறிக்கும் நிறம், துளியூண்டு போதும், தொட்டதில் எல்லாம் ஒட்டும். என் விரல் நகம் இரண்டு கையுறைக்கு உள்ளேயும் எப்படி ஊதாவானது என்று இன்னும் விளங்கவில்லை.

கழிவை என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலரும் எழுதாமல் விடும் பகுதி. குரோமியம் உள்ள கழுவல் நீரை அமிலமாக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால் ஆரஞ்சுச் சாயல் மறைந்து பச்சையாகும். ஆறு இணைதிறன் மூன்றாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு சுண்ணாம்பு போட்டுப் படியவைத்து, வண்டலைத் தனி டப்பாவில். அமீன் கலந்த நீரும் ஈதரும் வேறு கேன்கள். எல்லாம் அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் போகும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஆலை வளாகத்தில் மலையாகக் குவிந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிய குரோமியக் கழிவைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைச் சாக்கடையில் ஊற்ற மாட்டார்கள்.

டானின் முறை மோவோடு ஓய்ந்துவிடவில்லை. பிறகு வந்த மஜந்தா, மெத்தில் வயலட் எல்லாம் பருத்தியில் ஏறியது அதே வழியில்தான்; வெள்ளீயத்துக்குப் பதில் ஆன்டிமனி உப்பு வந்தது, அவ்வளவே. அந்த அவஸ்தை எதுவும் இல்லாமல் பருத்தியில் நேரடியாக ஏறிய முதல் செயற்கைச் சாயம் காங்கோ ரெட். பால் போட்டிகர் 1884-இல் காப்புரிமை எடுத்து அக்ஃபா என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு விற்றது. எங்கள் அலமாரியில் அது, அமிலமா காரமா என்று காட்டும் நிறங்காட்டியாக மட்டும் வைத்திருந்த குப்பி. மிச்சமிருந்த காடாத் துண்டை, கடுக்காய் எதுவும் காட்டாமல், கொஞ்சம் உப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் காங்கோ ரெட்டோடு கொதிக்கவிட்டேன். அலசியும் சிவப்பு நின்றது. நீண்டு தட்டையான மூலக்கூறு, செல்லுலோஸ் சங்கிலியை ஒட்டி நீளவாக்கில் படுத்துக்கொள்கிறது. அதற்கு மின்னூட்டக் கடன் தேவையில்லை. அதன் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் அந்த இடம் கருநீலமானது. நம் ஊரில் ரசம் சாப்பிடுகிறவர்கள் இந்தச் சாயத்தில் வேட்டி கட்ட முடியாது. சோடா உப்புத் தண்ணீரில் முக்கியதும் திரும்பச் சிவப்பு.